டர்ஃபில் நாம் ஆடும் ஃபைவ்ஸும் ஆசிய ஃபுட்சால் கோப்பையில் ஆடுவதும் ஒன்றுதானா? அதில் இந்தியாவை ஏன் காணோம்?

ஒன்று இல்லைங்க. டர்ஃப் என்பது செயற்கைப் புல் மைதானம், அதில் அணிக்கு ஐந்து பேராக ஆடுவதுதான் ஃபைவ்ஸ். ஃபுட்சாலும் அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்துதான், ஆனால் கடினத் தரையில், தனி விதிகளோடு. எனக்கே அந்த வித்தியாசம் புரிந்தது காங்கேயத்தில், மாமாவின் கொப்பரைக் களத்தில்தான்.

எங்கள் பக்கத்துக் களங்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் காலம் முழுக்க உடைத்த தேங்காய் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் களத்தில் வேலை இருக்காது. வழவழவென்று பூசிய சிமெண்ட் தளம், தண்ணீர் ஓட ஓரத்தை நோக்கி லேசான சரிவு, அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு அப்படி ஒரு ஐப்பசி ஞாயிறு, மழை விட்ட காலையில், நிஜமான ஃபுட்சால் பந்து ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கே போனேன். கோவையில் நான்கு வருடமாக வாரத்துக்கு இரண்டு இரவு டர்ஃபில் ஆடிக்கொண்டிருந்தவன் நான். ஃபுட்சால் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"முள்ளு வெச்ச ஷூவுல ஏறாதீங்க கண்ணு, பூச்சு பேந்து போயிரும்" என்றார் மாமா.

"இல்லீங் மாமா, அடி மட்டமா இருக்கற ஷூதானுங்."

பந்தைக் கீழே விட்டேன். தொப்பென்று விழுந்து, முழங்கால்கூட எட்டாமல் அடங்கிவிட்டது. கூட நின்ற பையன் ஒருவன் ஓடிப்போய்ப் பம்பை எடுத்துவந்தான். "காத்துப் பத்தலீங்ணா" என்றான். காற்று சரியாகத்தான் இருந்தது. ஃபுட்சால் பந்து நான்காம் சைஸ், சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் குதியில் 50 முதல் 65 சென்டிமீட்டர்தான் எழும்ப வேண்டும் என்பது விதி. வழக்கமான பந்து அதே உயரத்திலிருந்து இடுப்புக்கு மேலே வரும். குதிக்காத பந்து என்பதால் ஆட்டம் தரையோடு தரையாக நடக்கிறது. உள்ளங்காலால் பந்தை அமுக்கி, உருட்டி, இழுத்துக் கொடுக்கப் பழக வேண்டும். டர்ஃபில் அந்தப் பழக்கம் எனக்கு வரவே இல்லை. புல் இழை பந்தைத் தானே பிடித்துக் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது வலை. டர்ஃபில் சுற்றிலும் வலை இருக்கிறது, தப்பாகக் கொடுத்த பாஸும் வலையில் பட்டுத் திரும்பி நம் காலுக்கே வந்துவிடும். ஃபுட்சாலில் 40க்கு 20 மீட்டர் கோர்ட், கோடு தாண்டினால் பந்து எதிரணிக்கு. வெளியே போன பந்தை நான்கு நொடிக்குள் காலால் உள்ளே தள்ள வேண்டும். கோல்கீப்பரும் தன் பாதியில் அதே நான்கு நொடிதான் பந்தை வைத்திருக்கலாம். பாதிக்கு 20 நிமிடம், பந்து ஆட்டத்தில் இல்லாதபோதெல்லாம் கடிகாரமும் நிற்கும், அதனால் நேரம் கடத்த வழியில்லை. அப்புறம் ஃபவுல் கணக்கு. ஒரு பாதியில் ஒரு அணி ஐந்து ஃபவுல் வரை செய்யலாம். ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும், தடுப்புச் சுவர் இல்லாமல், பத்து மீட்டரிலிருந்து நேராகக் கோலை நோக்கி அடிக்கலாம். இடித்துத் தள்ளி ஆடிப் பழகிய எங்கள் கூட்டம் அன்றைக்கு இருபதே நிமிடத்தில் பதினொரு ஃபவுல் செய்தது. நான்தான் எண்ணினேன்.

இப்போது போட்டிக்கு வருகிறேன். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதை 1999இல் கோலாலம்பூரில் தொடங்கியது. 2008 வரை வருடா வருடம் நடந்தது, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று மாறியது. 2020ஆம் ஆண்டுப் போட்டி கொரோனாவால் ரத்தானது. முன்பு ஆசிய ஃபுட்சால் சாம்பியன்ஷிப் என்று சொல்லிவந்ததை இப்போது ஆசியக் கோப்பை என்கிறார்கள். 1999 முதல் 2024 வரை 17 முறை நடந்திருக்கிறது. ஈரான் 13 முறை, ஜப்பான் 4 முறை. வேறு எந்த நாடும் கோப்பையைத் தொட்டதில்லை. முதல் ஏழு வருடமும் தொடர்ந்து ஈரான்தான். 2022இல் குவைத்தில் ஜப்பான் 3-2 என்று ஈரானைச் சாய்த்தது. 2024இல் பாங்காக்கில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 4-1 என்று வென்று ஈரான் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த அணியின் பயிற்சியாளர் வாஹித் ஷம்சாயி. விளையாடிய காலத்தில் நாட்டுக்காக முந்நூற்றுத் தொண்ணூறு கோலுக்குப் பக்கத்தில் அடித்தவர் அவர்.

ஈரானுக்கு மட்டும் எப்படி இது வாய்த்தது? அங்கே சந்துக்குச் சந்து 'கோல் கூச்சிக்' ஆடுவார்கள், சின்ன கோல் என்று அர்த்தம். மலிவான பிளாஸ்டிக் பந்து ரொம்ப லேசானது, காற்றில் பறந்துவிடும். அதனால் ஒரு பந்தைக் கிழித்து இன்னொரு பந்தின் மேல் போர்த்தி, இரண்டு தோல் பந்தாக்கிக்கொள்வார்கள். கனம் கூடும், குதி குறையும். யோசித்துப் பாருங்கள், ஃபுட்சால் பந்துக்கு என்ன குணமோ அதைத் தெருப் பையன்களே கையால் செய்துகொள்கிறார்கள். கடினத் தரை, அடங்கிய பந்து, குறுகலான சந்து. தேசிய அணிக்குத் தேவையான கால் அங்கேயே உருவாகிவிடுகிறது. 2016 ஃபுட்சால் உலகக் கோப்பையில் இதே ஈரான் பிரேசிலை 4-4 வரை இழுத்து, பெனால்டியில் வென்று வெளியேற்றியது. பிரேசிலின் ஃபுட்சால் நட்சத்திரம் ஃபல்காவோவுக்கு அதுதான் கடைசி உலகக் கோப்பை ஆட்டம். ஜெயித்த ஈரான் வீரர்கள் அவரைத் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டாடினார்கள். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

சரி, இந்தியா? நாம் தொடங்கியதே தாமதம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முதல் ஃபுட்சால் கிளப் போட்டி டெல்லியில் நடந்தது 2021 நவம்பரில். ஈரான் முதல் கோப்பையை வாங்கி அதற்குள் 22 வருடம் ஆகிவிட்டது. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம் தேசிய அணி முதன்முதலாக இறங்கியது 2023 அக்டோபரில், தஜிகிஸ்தானின் துஷான்பேயில். அடுத்த தகுதிச் சுற்று 2025 செப்டம்பரில் குவைத்தில் நடந்தது. அங்கே மங்கோலியாவை 3-0 என்று வென்றதுதான் நம் முதல் வெற்றி. பிரதானப் போட்டியில் 16 அணிகள் ஆடுகின்றன. அந்த 16க்குள் நாம் இன்னும் போகவில்லை, டிவியில் நம்மைக் காணாததற்குக் காரணம் அதுதான். அந்த மூன்று கோலை நான் சின்ன வெற்றியாக நினைக்கவில்லை. இரண்டே வருடத்தில் வந்தது அது.

கொங்கு நாட்டில் ஆட்டத்தின் மேல் ஆசைக்குப் பஞ்சமில்லை. 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி அணி இந்தியக் கிளப் கால்பந்துப் போட்டியான ஐ-லீக் பட்டம் வாங்கியபோது நான் கேலரியில் நின்றுகொண்டிருந்தேன், தொண்டை கட்டிப்போனது. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் டர்ஃப் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கும் விளக்கு எரிகிறது, ஷிப்ட் முடித்த பனியன் கம்பெனிப் பையன்களும் காலேஜ் பையன்களும் ஆளுக்கு நூறு, நூற்றைம்பது போட்டு ஆடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் புல்லிலிருந்து ஃபுட்சால் வீரன் வருவது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். நமக்குக் கடினத் தரை இல்லாமல் இல்லை. எத்தனையோ பொறியியல் கல்லூரிகளில் உள்ளரங்கம் இருக்கிறது, பள்ளிகளில் சிமெண்ட் கூடைப்பந்துக் கோர்ட் இருக்கிறது. ஒரு ஃபுட்சால் பந்தும், ஃபவுலை எண்ண ஒரு ஆளும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

எங்கள் களத்தில் அன்று பம்ப் கொண்டுவந்த பையன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். உள்ளங்காலால் பந்தைப் பின்னால் இழுத்து, உடம்பைத் திருப்பி, இடது காலால் தட்டிவிட்டுப் போகிறான். அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தப் பந்தோடு இரண்டு மழைக்காலம் கிடந்தான், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர் கோவைப் பக்கம் என்றால், ஐப்பசியில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு காங்கேயம் வாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மழை இல்லாவிட்டால் ஆட்டம் உண்டு. முள் வைத்த ஷூ மட்டும் வேண்டாம், மாமா களத்தில் ஏறவிட மாட்டார்.