எந்த நாட்டுப் புஷல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய ஆங்கில வேளாண் நூலில் '3 புஷல் 2 பெக் ஓட்ஸ்' என்று வருகிறது. லிட்டருக்கு மாற்றினால் ஓரிடத்தில் 127.3, இன்னோரிடத்தில் 123.3 என்று காட்டுகிறது. எது சரி?

புஷல் என்பது தானியம் அளக்கும் கொள்ளளவு அலகு; பெக் அதில் கால்பங்கு. இரண்டும் சரியான கணக்குதான், புஷல்தான் வேறு வேறு. முதலாவது பிரிட்டிஷ் இம்பீரியல் புஷல்: 36.369 லிட்டர். இரண்டாவது அமெரிக்கப் புஷல்: 35.239 லிட்டர். ஆகவே நூலின் உள்பக்கத்தைப் புரட்டி, எந்த நாட்டில், எந்த ஆண்டு அச்சானது என்று முதலில் பாருங்கள். இம்பீரியல் அளவு 1824-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து, 1826 ஜனவரியில் நடைமுறை ஆனது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூல் என்றால், தானியத்துக்கு அங்கும் பழைய வின்செஸ்டர் புஷலைக் கொள்வதே பொருத்தம். அமெரிக்கா இன்றுவரை வைத்திருப்பதும் அதைத்தான்.

கணக்குப் போடும்போது எல்லாவற்றையும் சின்ன அலகுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 2 பைண்ட் 1 குவார்ட். 4 குவார்ட் 1 காலன். 2 காலன் 1 பெக். 4 பெக் 1 புஷல். உங்கள் 3 புஷல் 12 பெக், மேலே 2 சேர்த்தால் 14. இம்பீரியல் பெக் 9.09218 லிட்டர், 14-ஆல் பெருக்கினால் 127.29. இடையில் எங்கும் முழுமையாக்காதீர்கள். புஷலை 36.4 என்று சுருக்கிக்கொண்டு 500 புஷலுக்குப் பெருக்கினால், விடை 15 லிட்டருக்கு மேல் கூடிவிடும்.

குவார்ட் வேறு, குவார்ட்டர் வேறு. குவார்ட் 1.1365 லிட்டர்தான், தானியக் குவார்ட்டர் 8 புஷல், அதாவது 290.95 லிட்டர். எழுத்து மங்கிய பக்கத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் 256 மடங்கு பிசகும்.

கேள்வி: அமெரிக்கப் பைண்டை 473 மி.லி. என்று போட்டேன். பெர்ரிப் பழப் பெட்டிக்கு அது பொருந்தவில்லையே?

473 திரவப் பைண்ட். பழம், தானியத்துக்கு அமெரிக்காவில் உலர் பைண்ட்: 550.6 மி.லி. ஏறக்குறைய 16 சதவீத வித்தியாசம். இம்பீரியலில் இந்தப் பிரிவே கிடையாது. எதை அளந்தாலும் பைண்ட் 568.26 மி.லி. ஆனால் அமெரிக்க 'கப்' திரவக் காலனிலிருந்து வந்தது. அதில் மாவையே அளந்தாலும் 236.6 மி.லி.தான், உலர் அளவுக் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.

கேள்வி: விளைச்சல் அறிக்கையில் வரும் புஷலை லிட்டராக்கி, பிறகு கிலோ ஆக்கலாமா?

வேண்டாம். தானியச் சந்தையில் புஷல் என்பது பெயரளவில்தான் கொள்ளளவு, உண்மையில் எடை. அமெரிக்கக் கணக்கில் கோதுமை, சோயா 60 பவுண்டு, மக்காச்சோளம் 56, பார்லி 48, ஓட்ஸ் 32. பவுண்டை 0.45359237-ஆல் பெருக்குங்கள்: கோதுமைப் புஷல் 27.2155 கிலோ. ஏக்கருக்கு 1 புஷல் கோதுமை என்பது ஹெக்டேருக்கு 67.25 கிலோ. ஆகவே ஏக்கருக்கு 40 புஷல் என்றால் 67.25-ஆல் பெருக்க, ஹெக்டேருக்கு 2,690 கிலோ. மக்காச்சோளத்துக்கு அந்த எண் 62.77. கனடாவில் ஓட்ஸ் புஷல் 34 பவுண்டு என்பதையும் மறக்கவேண்டாம்.

கேள்வி: பழைய உருளை வடிவ மர அளவை ஒன்று இருக்கிறது. எந்தப் புஷல் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். உள்விட்டத்தையும் உள் ஆழத்தையும் செ.மீ.யில் எடுங்கள். வின்செஸ்டர் புஷலின் இலக்கணம் 18.5 அங்குல விட்டம், 8 அங்குல ஆழம். அளவுநாடா 47-ம் 20.3-ம் காட்டினால், ஆரம் 23.5; 3.1416 × 23.5 × 23.5 × 20.3 = 35,219 கன செ.மீ., அதாவது 35.2 லிட்டர். வின்செஸ்டரேதான். பலகையின் தடிமனைச் சேர்த்து வெளிவிட்டம் 49 என்று எடுத்தீர்களானால் 38.3 வரும், அது எந்தப் புஷலுக்கும் பொருந்தாது. இது தலைதட்டி அளக்கும் கணக்கு. நிலக்கரி, உருளைக்கிழங்கு, பழம் போன்றவற்றைக் கூம்பாகக் குவித்து அளக்கும் வழக்கம் பிரிட்டனில் 1835-இல்தான் சட்டப்படி நின்றது. அதற்கு முந்தைய கணக்கேட்டில் குவித்த இம்பீரியல் புஷல் என்று கண்டால் சுமார் 46 லிட்டர் என்று கொள்ளுங்கள்.