ஊர் வழக்கமா, ஆள் பார்த்த கிண்டலா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பல நாட்டவர் வேலை செய்கிறார்கள். குழுத் தலைவர் என் பெயரை வேண்டுமென்றே திரித்துக் கூப்பிடுகிறார். கூட்டத்தில் என் உச்சரிப்பைப் பேசிக் காட்டிச் சிரிக்க வைக்கிறார். கேட்டால், "எங்கள் ஊர் வழக்கம் இது" என்கிறார். பொறுத்துப் போவதா?

பதில்: வேண்டாம். தன் மேலதிகாரியிடம் இப்படிப் பேசிக் காட்டுவாரா? மாட்டார். பிறகென்ன வழக்கம்! நானும் ஒரு காலத்தில் சிரித்து மழுப்பியவன்தான். இரண்டு ஆண்டுகள் தூக்கம் போயிற்று. தேதி, அவர் சொன்ன சொல், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவையுங்கள். ஒரே முறை நடந்ததும் துன்புறுத்தலாகலாம் என்கிறது, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்ற 190-ஆம் உடன்படிக்கை. சிரித்தவர்களில் நல்லவராகத் தெரியும் ஒருவரிடம், "அடுத்த முறை சிரிக்காமல் என் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். புகார் எழுதும்போது 'கிண்டல்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.