வேல்ஸ் எலன் பள்ளத்தாக்கில், நீர்த்தேக்கங்களை ஒட்டி, வண்டி நடமாட்டம் குறைந்த சாலை சைக்கிள் வழிகள் எவை?

கேள்வியோடு மூன்று நிபந்தனைகளும் வைத்திருக்கிறீர்கள்: பர்மிங்காமிலிருந்து வார இறுதியில் போய்வர வேண்டும், மெல்லிய டயர் போட்ட சாலை சைக்கிளே போதுமானதாக இருக்க வேண்டும், லாரிகளோடு மல்லுக்கட்டக் கூடாது. மூன்றுக்கும் எலன் பள்ளத்தாக்கு பொருந்தும். உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரும் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். 1893-ல் அணை வேலை தொடங்கி 1904-ல் ஏழாம் எட்வர்ட் திறந்துவைத்தார். அன்றிலிருந்து 118 கிலோமீட்டர் தூரத்தைப் பம்ப் இல்லாமல், வெறும் சரிவின் போக்கிலேயே ஓடிவருகிறது அந்தத் தண்ணீர். வந்துசேர ஏறத்தாழ ஒன்றரை நாள் பிடிக்கும். காரில் நீங்கள் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம்.

தங்கவும் கிளம்பவும் ரேயடர் என்ற சிறு ஊர்தான் வசதி. கடை, பப், பேக்கரி எல்லாம் உண்டு. அங்கிருந்து மேற்கே அபெரிஸ்ட்வித் போகிற கனரக வண்டிகள் எல்லாம் வடக்கே சுற்றிப்போகும் ஏ44 நெடுஞ்சாலையில் போய்விடும். அதனால் பழைய மலைச்சாலை உள்ளூர்க்காரர்களுக்கும் ஆடுகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று மிஞ்சிவிட்டது. ஆனால் கோடை ஞாயிறு மதியங்களில் மோட்டார் பைக் கூட்டம் வரும். வார நாளாக இருந்தால் நல்லது. வார இறுதிதான் முடியுமென்றால் காலை பத்து மணிக்குள் மலையைத் தாண்டிவிடுங்கள்.

முதலில் ஓட்டவேண்டியது அணைகளைச் சுற்றிவரும் வளையம், ஏறத்தாழ 28 கிலோமீட்டர். ரேயடரில் வை ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் மலைச்சாலை பிரியும். நேரே போகும் பி4518 சாலை எலன் கிராமத்துக்குப் போவது. வலப்பக்கம் திரும்புங்கள். அதாவது மலையை முதலில் ஏறி, அணைகள் வழியாகத் திரும்புங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அணைகளைப் பார்க்கும் அவசரத்தில். அப்படிப் போனால் கடைசியில் அந்தச் செங்குத்துச் சரிவில் களைத்த கையோடு இறங்க வேண்டிவரும். வளைவுக்கு அப்பால் ஆடு நிற்கிறதா என்பது வளைந்த பிறகுதான் தெரியும். அந்தச் சரிவை ஏற்றமாக எடுத்துக்கொண்டால் ஆபத்தே இல்லை. காற்றும் அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மலையை முதலில் ஏறினால், எதிர்க்காற்று வரும் ஏரிக்கரைப் பகுதியில் மலைச்சுவர்கள் மறைப்பு கொடுக்கும். கடைசியில் எலன் கிராமத்திலிருந்து ரேயடர் வரை காற்று முதுகைத் தள்ளும்.

ஏற்றம் ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு நீளும், உயரம் 150 மீட்டருக்கு மேல் கூடும். தொடக்கத்தில் வேலிகளுக்கு நடுவே மெதுவாக ஏறி, பிறகு திறந்தவெளிக்கு வந்ததும் சாய்வு கடுமையாகிறது. முன்னால் 34 பல், பின்னால் 30 அல்லது 32 பல் கியர் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். பழைய ரேஸ் சைக்கிளின் 39-க்கு 25 என்றால் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். ஈரச் சாலையில் எழுந்து நின்றால் எடை முன்னுக்குப் போய்ப் பின்சக்கரம் வழுக்கும்.

உச்சிக்கு வந்ததும் மரமே இல்லாத மேட்டுநிலம். பீட் மண்ணும் (மக்கிய செடிகொடிகளாலான சதுப்பு மண்) முரட்டுப் புல்லும் தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்துக்கொள்ளும். ஓடைகள் தேநீர் நிறத்தில் ஓடுவது அந்தப் பீட் மண்ணால்தான். இந்த வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,830 மில்லிமீட்டர் மழை. பர்மிங்காம் நகராட்சி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணங்களில் அதுவும் ஒன்று. எனவே வெயில் அடித்தாலும் மழைச்சட்டை முதுகுப் பையில் இருக்கட்டும்.

உச்சியிலிருந்து பாண்ட் ஆர் எலன் பாலத்துக்கு இறங்கும்போது, பாலத்துக்கு முன்னாலேயே இடப்பக்கம் திரும்பினால் ஏரிகள் ஒவ்வொன்றாக வரும்: கிரைக் கோக், பெனிகாரெக், காரெக் தீ, கடைசியில் காபன் கோக். நான்கிலும் அழகு கிரைக் கோக் அணைதான். கடல்மட்டத்திலிருந்து 317 மீட்டர் உயரத்தில், வில் போல வளைந்த சுவரும் அதன்மேல் குறுகலான பாதையும். அதற்குக் கீழே பெனிகாரெக் வரையிலான இறக்கத்தில் வளைவுகள் அதிகம், வேகத்தைக் கட்டுக்குள் வையுங்கள். அணைகளுக்கு மேல் தண்ணீர் வழிந்து விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நல்ல மழைக்குப் பிந்தைய நாட்கள், பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் சுவர் உலர்ந்தே இருக்கும்.

காரெக் தீ அணை தண்ணீருக்கடியில் மறைந்திருக்கிறது. அதன்மேல் நிற்கும் பாலத்தைத்தான் பார்ப்பீர்கள். அந்தப் பாலத்தைக் கடந்தால் இரண்டாவது வழி தொடங்குகிறது: நான்ட்குவில்ட் தேவாலயத்தைத் தாண்டி கிளேர்வென் அணை வரை, ஒருபக்கம் ஆறேழு கிலோமீட்டர். பழைய தேவாலயம் ஏரிக்குள் மூழ்கியதற்குப் பதிலாகக் கட்டியது இது. தார்ச்சாலை அணையோடு முடிந்துவிடுவதால் கடந்துபோகிற வண்டியே கிடையாது. நிம்மதி வேண்டுமென்றால் மூன்று வழிகளிலும் இதுதான் முதலிடம். போகிற வழியில் டோலிமனாக் என்ற இடத்தில் பாதியில் கைவிட்ட அணையின் அடித்தளம் தெரியும். கிளேர்வென் 1952-ல் இரண்டாம் எலிசபெத் திறந்தது. 56 மீட்டர் உயரம், 355 மீட்டர் நீளம். உள்ளே கான்கிரீட், வெளியே செதுக்கிய கல். போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் உள்ளூரில் கல்தச்சர் கிடைக்காமல் இத்தாலியிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். கடைசியில் சாலை இரண்டாகப் பிரியும்: ஒன்று அணையின் காலடிக்கு, மற்றொன்று செங்குத்தாக மேலே. மேலே போங்கள். அதற்கப்பால் ஏரிக்கரையோடு போகும் கல்பாதையை வரைபடத்தில் பார்த்து ஆசைப்பட வேண்டாம். குழிகளில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு போனால் ரிம் கல்லில் இடிபட்டு ட்யூபில் இரட்டை ஓட்டை விழும்.

மூன்றாவது வழி நீளமானது. பாண்ட் ஆர் எலனில் திரும்பாமல் நேரே மேற்கே போனால், எலன் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கு வழியாகக் குமிஸ்ட்வித்தின் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கங்கள், பிறகு டெவில்ஸ் பிரிட்ஜ் என்ற ஊர். ரேயடரிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர். எலன் கிழக்கே ஓடி வையில் சேர்கிறது, இஸ்ட்வித் ஆறு மேற்கே கடலுக்கு. இரண்டையும் பிரிக்கும் மேடு உங்களுக்குத் தெரியாமலே கடந்துபோகும், அவ்வளவு மெல்லிய ஏற்றம். அதன்பின் மேற்குப்பக்க இறக்கம்தான் குறுகல். எதிரே கார் வந்தால் ஒதுங்க இடம் தேடவேண்டும். திரும்பும்போது ஏ44 வழியாகச் சுருக்கலாம் என்று எண்ணாதீர்கள், வந்த வழியே திரும்புங்கள். அல்லது அப்படியே அபெரிஸ்ட்வித் வரை இறங்கி ரயில் பிடியுங்கள். ரயிலில் சைக்கிளுக்கு இடம் மிகக் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது. எதிர்க்காற்று கடுமையாக இருக்கும் நாளில் இந்த வழியை எடுக்கவே வேண்டாம். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை.

இனி எங்கே தவறு நடக்கும் என்பது. முதலில் கால்நடைத் தடுப்புக் கம்பிகள். மலைச்சாலைகளில் ஆடு தாண்டாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய்கள் பதித்திருப்பார்கள். மழையில் சோப்புத் தடவியதுபோல் வழுக்கும். கம்பிகளுக்குச் செங்குத்தாக, நேர்கோட்டில், பிரேக்கும் பிடிக்காமல் ஹேண்டிலும் திருப்பாமல் கடக்க வேண்டும். வேகத்தைத் தடுப்புக்கு முன்னாலேயே குறைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் வைத்துத் திருப்புகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

அடுத்தது ஆடுகள். ஏப்ரல், மே மாதங்களில் குட்டி ஒருபக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால் குட்டி கடைசி நொடியில் தாயிடம் ஓடும். இரண்டுக்கும் நடுவே வேகமாகப் போகாதீர்கள்.

சாலை மேற்பரப்பு சரளை ஒட்டிய வகை, உள்ளங்கை மரத்துப்போகும். 23 மில்லிமீட்டர் டயரில் 100 பிஎஸ்ஐ காற்றழுத்தம் அடித்துக்கொண்டு வருவது வீண் வேதனை. 28 டயர், 70 கிலோ எடை உள்ளவருக்கு 70 பிஎஸ்ஐ அளவில் போதும். 32 பொருந்தினால் இன்னும் நல்லது, 55–60. ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டு, கைப்பம்ப், செயின் இணைப்பு ஒன்று, டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு பழைய டயர்த் துண்டு. இவை இல்லாமல் மலைச்சாலைக்குப் போகக் கூடாது. பல இடங்களில் போனில் சிக்னலே இருக்காது, யாரையும் அழைக்க முடியாது. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். காகித வரைபடம் என்றால் ஆர்ட்னன்ஸ் சர்வே லாண்ட்ரேஞ்சர் 147.

சாப்பாட்டுக்கு எலன் கிராமத்தின் பார்வையாளர் மையத்தில் ஒரு காபிக்கடை இருக்கிறது. ரேயடருக்கும் அதற்கும் நடுவே மலைப்பக்கம் எதுவும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு பாட்டில் தண்ணீர் நிரப்பிக்கொண்டே ஏறுங்கள்.

குழந்தைகளோ புதிதாக ஓட்டுபவர்களோ உடன் வந்தால், அணை கட்டக் கல் சுமந்த ரயில்பாதைமேல் போட்ட எலன் பள்ளத்தாக்குப் பாதை இருக்கிறது. ரேயடரை ஒட்டிய கும்தைத்துவரிலிருந்து கிரைக் கோக் வரை 14.5 கிலோமீட்டர், கார்களே கிடையாது. ரயில் ஏறிய பாதை என்பதால் சாய்வு மென்மையானது. தொடக்கத்தில் மட்டும் பழைய சுரங்கப்பாதைக்கு மேலே ஏறிக் கடக்க ஒரு சிறு மேடு உண்டு.

கார் இல்லையென்றால் லாண்ட்ரிண்டாட் வெல்ஸ் வரை ரயிலில் வந்து, 20 கிலோமீட்டர் ஓட்டி ரேயடர் சேரலாம். அந்தத் தடத்தில் ஒரு நாளைக்கு ஓடுவது விரல்விட்டு எண்ணும் ரயில்கள்தான், திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.