இருமல் நின்றுவிட்டது, நிமோனியா ஏன் வருகிறது?

கேள்வி: பேரனுக்கு 4 வயது. பெருமூளை வாதம், பேச்சு வரவில்லை. கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் கொடுத்தால் புரையேறும். இப்போது அந்த இருமல் குறைந்துவிட்டது. ஆனால் இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை நிமோனியா. தொண்டையில் கோளாறா?
– ஓர் ஆயா, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, இருமல் குறைந்ததுதான் எனக்குக் கவலை. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுகிறோம். அந்த இருமல்தான் மூச்சுக்குழாய்க்குக் காவல். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராத பிள்ளைகள் உண்டு. பெருமூளை வாதம் உள்ளவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். திரும்பத் திரும்ப வரும் நிமோனியா அதன் அடையாளமாக இருக்கலாம்.

கஞ்சி மெதுவாக நகரும். தண்ணீரோ மூச்சுக்குழாய் மூடுவதற்குள் ஓடிவிடும்.

அவனால் சொல்ல முடியாததை உடம்பு சொல்லும். குடித்தபின் அவன் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள்: சளிக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழக்கிறதா? கண் கலங்குகிறதா, மூச்சு வேகமாகிறதா, ஒரு வேளைச் சாப்பாடு அரைமணி நேரத்தைத் தாண்டுகிறதா? ஒரு வேளை முழுவதையும், முகமும் கழுத்தும் பக்கவாட்டில் தெரிய, செல்போனில் படமெடுங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அந்த வீடியோ எங்களுக்குப் பெரிய உதவி.

அதையும், எடை குறித்திருக்கும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய், பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். விழுங்குவதைப் பரிசோதிப்பவரும் அவர்தான். 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். சத்தமில்லாத புரையேற்றத்தை வெறும் கண்ணால் உறுதிசெய்ய முடியாது. அதற்கு எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள்: எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவையும் பானத்தையும் அவன் விழுங்கும்போது, அது எந்த வழியில் போகிறது என்பது திரையில் தெரியும். சில நிமிட வேலை.

அதுவரை நிமிர்ந்து உட்கார வைத்து, பாதம் ஊன்றி, முகவாய் சற்றே தாழ இருக்கட்டும். அண்ணாந்த வாயில் ஊற்றவே வேண்டாம். மக்காச்சோள மாவில் செய்யும் உதிர்உதிரான ஊபுத்துவும் வேண்டாம். தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடியை நீங்களாகக் கலக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. தினமும் பல் துலக்கிவிடுங்கள், வாயின் கிருமிகள் நுரையீரலுக்குப் போவது குறையும். உதடு நீலமானாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று நீட்டும்போது அவன் முகத்தைத் திருப்பினால், அது அடம் அல்ல அம்மா, ‘போதும்’ என்று அவன் சொல்வது. கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.