நவம்பரில் வில், டிசம்பரில் துப்பாக்கி

கேள்வி: அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். நவம்பர், மான்கள் இணைசேரும் மாதமாம். பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் வில்லோடு வேட்டைக்குக் கிளம்புகிறார். துப்பாக்கிக்கு டிசம்பர் வரை பொறுக்க வேண்டுமாம். மானைக் காப்பதென்றால் அந்த மாதம் வேட்டையையே நிறுத்தலாமே? – ஒரு வாசகி

பதில்: கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் மான் இனம் குறைந்துவிடுமே என்ற பயத்தில் வந்த ஏற்பாடு அல்ல இது. அங்கே இருப்பது வெள்ளைவால் மான். ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். ஒன்று போனால் இன்னொன்று வந்துவிடும். கூட்டம் பெருகுவதும் குறைவதும் பெண் மான்கள் எத்தனை சுடப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. அவை சுமார் 200 நாள் சினையாக இருந்து, மே கடைசியிலும் ஜூனிலும் ஈனும். அப்போது வேட்டையே கிடையாது.

பிரச்சினை ஆண் மானின் புத்தி தடுமாறுவதில்தான். மற்ற மாதங்களில் மனித வாடை பட்டாலே மறைந்துவிடும். பகல் பொழுது சுருங்கச் சுருங்க உடம்பில் ஹார்மோன் ஏறி, நவம்பரில் பட்டப்பகலில் பெண் மானை மோப்பம் பிடித்துத் திறந்த வயலில் ஓடும். (கார் முன்னால் பாய்வதும் அப்போதுதான் அதிகம். மாலையில் மாப்பிள்ளையை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.) அந்த நேரத்தில் கையில் துப்பாக்கி இருந்தால் தூரத்திலிருந்தே சுட்டுத் தள்ளலாம். வில்லுக்கு மான் முப்பது மீட்டருக்குள்ளாவது வர வேண்டும்; பலர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். பொதுத் துப்பாக்கிப் பருவம் தொடங்கும் டிசம்பர் முதல் சனிக்கிழமைக்குள் இணைசேர்வது பெரும்பாலும் முடிந்துவிடும். அயோவாவில் பெரிய கொம்புள்ள மான்கள் தப்பி வாழ இது ஒரு காரணம்.

மிச்சிகன் மாநிலத்தில் கதை வேறு. கிழமை எதுவானாலும் நவம்பர் 15 என்றால் துப்பாக்கிதான். இலினாய் மாநிலத்திலும் நவம்பரிலேயே சுடலாம். ஆனால் அங்கே நெடுங்காலம் ஷாட்கன் போன்ற, குண்டு அதிக தூரம் போகாத துப்பாக்கிகளுக்குத்தான் இடம்; சாதாரண ரைஃபிளுக்கு இல்லை. 2023 முதல்தான், அதுவும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் சிலவற்றுக்கு அனுமதி. அந்தத் தடை மனிதர்களுக்காக: சமவெளியில் ரைஃபிள் குண்டு வெகுதூரம் போகும்.

வில் என்றதும் சாது என்று நினைத்துவிடாதீர்கள். அம்பு தப்பான இடத்தில் பட்டால் மான் ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும். பிரிட்டனில் வில் வேட்டைக்கே தடை. அதில் என் ஓட்டு பிரிட்டனுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வாய்த்தால், அம்பு பட்ட மானை எப்படித் தேடுவார் என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர் உடனே துரத்த மாட்டார். அரைமணி நேரமாவது பொறுத்து, ரத்தத் தடம் பார்த்துப் போவார்.