மட்சா கசப்பதும் கட்டி கட்டுவதும்

கொதிக்கும் பாலில் மட்சா என்கிற ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கிறது, கசக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தப்பு தூளில் இல்லை, அடுப்பில். நம் டீத்தூள் மாதிரி இதைக் கொதிக்கவிடக் கூடாது. வடிகட்டுவதும் கிடையாது, இலையே வயிற்றுக்குள் போகிறது. ஜப்பானில் உஜி பக்கம், பறிப்பதற்கு ஏறக்குறைய 3 வாரம் முன்பே செடிக்கு நிழல் போட்டுவிடுவார்கள். இலையில் தியானின் என்கிற அமினோ அமிலம் கூடி அந்த மெல்லிய இனிப்பு வருவது அதனால்தான். கொதிநீர் பட்டால் கசப்பு முந்திக்கொள்ளும்.

தண்ணீரை இறக்கிவைத்துக் கொஞ்சம் ஆறவிடுங்கள், 80 டிகிரி போதும். 2 கிராம் தூளைச் சலித்து, 60 மில்லி தண்ணீர் விட்டு, சாசென் என்கிற மூங்கில் மத்தால் முன்னும் பின்னுமாக வேகமாக அடியுங்கள். வட்டமாகக் கலக்கினால் நுரை வராது. அப்புறம் பால். மத்து இல்லையா? குளிர்ந்த பாலோடு பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள், சரியாக வரும்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களே, அதுதான் முக்கியம். மட்சாவில் உள்ள கேட்டசின்கள் என்கிற தேயிலைச் சேர்மங்கள் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காஃபீனும் உண்டு, ராத்திரி வேண்டாம்.

எடை குறையுமா என்றால், அதை நம்பி வாங்கியிருந்தால் ஏமாற்றம்தான். நான் ருசிக்காகக் குடிக்கிறேன்.