கீழாநெல்லியும் 12 வார மாத்திரையும்: கல்லீரல் ஆய்வுகள் பற்றிய உங்கள் கேள்விகள்

கல்லீரல் நோய்கள், அவற்றுக்கான மருந்து ஆய்வுகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி, "என் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" ரகம். ஆளைப் பார்க்காமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி (செல்வகுமார், கும்பகோணம்): எங்கள் பக்கம் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிடும். இதை உங்கள் மருத்துவம் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை டாக்டர்?

பதில்: சோதித்துப் பார்த்தார்கள் சார், அதுவும் நம் சென்னையிலேயே.

முதலில் உங்கள் மூன்று வாரக் கணக்கு. நம் ஊரில் திடீரென்று வரும் வைரஸ் காமாலையில் பெரும்பகுதி, தண்ணீர் வழியாகவும் சாப்பாடு வழியாகவும் தொற்றும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். கீழாநெல்லி குடித்தவருக்கும் வடியும், கரும்புச்சாறு குடித்தவருக்கும் வடியும், மந்திரித்துக்கொண்டவருக்கும் வடியும். அதனால் "நூறு பேருக்குக் கொடுத்தேன், எல்லோருக்கும் சரியானது" என்று யாராவது சொன்னால், மருந்து கொடுக்காத நூறு பேர் எங்கே என்றுதான் நான் கேட்பேன்.

சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு நடத்திய ஆய்வு இந்தக் கேள்வியைத் தாண்டி வந்த ஒன்று. அவர்கள் காமாலைக்காரர்களை எடுக்கவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸை நாட்பட உடம்பில் சுமந்துகொண்டிருக்கும் கேரியர்களை எடுத்தார்கள். ரத்தத்தில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று சோதிக்கிறோமே, வைரஸின் அந்த மேலுறைப் புரதம் இவர்களுக்குத் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தாலே பெரிது. ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் பரூக் பிளம்பெர்க்கும் ஒருவர். அந்தப் புரதத்தை முதலில் கண்டுபிடித்து, 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஒரு பிரிவுக்கு உலர்த்திப் பொடித்த கீழாநெல்லி, இன்னொரு பிரிவுக்கு வெற்று மருந்து (பார்க்க மருந்துபோலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது), 30 நாள். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் மறைந்திருந்தது, வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒரே ஒருவருக்கு.

அப்புறம்? தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அங்கே பலிக்கவில்லை. எந்த மண்ணில் வளர்ந்த செடி, எப்போது பறித்தது, எப்படி உலர்த்தியது என்றெல்லாம் காரணம் தேடினார்கள். 2011-ல் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து அலசிய, காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வாளர் அமைப்பின் மதிப்பாய்வு, பலன் உண்டு என்று சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்தது. எனக்கு அந்தச் சென்னை ஆய்வின் மேல் மரியாதைதான். பாட்டி வைத்தியத்தை அப்படியே நம்பவும் இல்லை, உதறவும் இல்லை, வெற்று மருந்தோடு வைத்து அளந்தார்கள். ஆனால் 60 பேரிடம் கிடைத்த முடிவு வேறு ஊரில் திரும்பக் கிடைக்காவிட்டால், அதை நான் சீட்டில் எழுத முடியாது.

கேள்வி (வளர்மதி): சரி டாக்டர், பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, பச்சிலைதானே? குடித்துவிட்டுப் போகட்டுமே?

பதில்: பச்சிலை என்பதாலேயே கல்லீரல் சலுகை தருவதில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் கொடியை வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடித்தார்கள். அதற்குப் பிறகு கல்லீரல் பாதிப்போடு வந்த 43 பேரின் விவரங்களை இந்தியாவின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 2022-ல் வெளியிட்டன. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் வகைப் பாதிப்பு அதில் பலருக்கு இருந்தது.

கீழாநெல்லியும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. என் கவலை வேறு. மருந்து குடிக்கிறோமே என்ற தைரியத்தில் அபாய அறிகுறிகளை விட்டுவிடுகிறார்கள். காமாலைக்காரர் பகலெல்லாம் தூங்கினால், பேச்சில் தடுமாறினால், ஈறில் ரத்தம் கசிந்தால், வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அறிகுறி எதற்கும் காத்திருக்காதீர்கள். கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைட்டிஸ் இ உயிரையே பறிக்கலாம்.

கேள்வி (சிவரூபன், யாழ்ப்பாணம்): செங்கமாரி வருத்துற ஹெபடைட்டிஸ் இ வைரசை ஒரு விஞ்ஞானி தானே குடிச்சுத்தான் கண்டுபிடிச்சவர் எண்டு எங்கட விரிவுரையாளர் சொன்னவர். உண்மைதானோ டொக்டர்?

பதில்: உண்மைதான் தம்பி. அவர் பெயர் மிகயில் பலயான், சோவியத் வைராலஜிஸ்ட். ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் வீரர்களுக்குக் காமாலை பரவியது. அவர்களின் மலத்திலிருந்து வடித்த சாற்றைத் தானே குடித்தார். அவருக்கு ஏற்கெனவே ஹெபடைட்டிஸ் ஏ வந்து போய் எதிர்ப்பு சக்தி இருந்தது. ஆகவே மறுபடி காமாலை வந்தால் அது ஏ இல்லை என்பது உறுதி. வந்தது. தன் மலத்திலேயே வைரஸ் துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, 1983-ல் வெளியிட்டார். இந்தத் தர்க்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், குடிக்கத்தான் மனம் வராது. 1955-56 டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்ததே, அதுவும் இந்த வைரஸ்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

அவர் பணயம் வைத்தது தன் உடம்பை. நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதியில் 1950-களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே ஹெபடைட்டிஸைத் தொற்ற வைத்து ஆய்வு செய்தார்கள். இரண்டு வகை ஹெபடைட்டிஸ் உண்டு என்பது அதில் தெளிவானது என்னவோ நிஜம். பெற்றோர் கையெழுத்து வாங்கினோம் என்றும், அந்த விடுதியில் எப்படியும் தொற்றியிருக்கும் என்றும் சமாதானம் சொன்னார்கள். சாக்கடையைச் சுத்தம் செய்திருக்கலாமே என்பதுதான் என் பதில்.

கேள்வி (மீனாட்சி, மதுரை): என் கணவருக்கு டயாலிசிஸ் செய்யும்போது ஹெபடைட்டிஸ் சி தொற்றிவிட்டது. 12 வாரம் மாத்திரை, பூரண குணம் என்கிறார்கள். வைரஸ் எங்காவது ஒளிந்துகொண்டு திரும்ப வராதா மேடம்?

பதில்: நம்பலாம் அம்மா. இந்த வைரஸ் நம் செல்லின் மரபணுவுக்குள் போய் உட்காருவதில்லை. பெருகுவதை நிறுத்திவிட்டால் ஒளிய இடமில்லை. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, எடுப்பார்கள். அப்போதும் வைரஸ் தென்படாவிட்டால் குணம். அந்த 12 வாரக் காத்திருப்பை ஆய்வுகளில் பின்தொடர்ந்து சரிபார்த்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு திரும்புவது மிக அபூர்வம்.

நான் படித்த காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசி. சிலருக்கு 48 வாரம். ஊசி போட்ட ராத்திரி குளிர்க்காய்ச்சல், முடி கொட்டும், மனச்சோர்வு வந்து பாதியில் விட்டவர்கள் உண்டு. இவ்வளவு பட்டும் பலருக்கு வைரஸ் போகாது. 1989-ல்தான் இந்த வைரஸே அடையாளம் காணப்பட்டது. 2013 கடைசியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அனுமதி பெற்றது, அப்போது அங்கே ஒரு மாத்திரை 1,000 டாலர். இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரிக்க ஆரம்பித்ததும் விலை தரைக்கு வந்தது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மையங்களில் இலவசமாகவே தருகிறார்கள்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சி அடங்கும்போது தூங்கிக்கிடந்த பி எழுந்து ஆட்டம் போட்ட சம்பவங்கள் உண்டு. அடுத்தது, குணமானாலும் ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவாகவே இருக்கும், அது பார்ப்பது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரித்த புரதத்தை. வைரல் லோடு ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். டயாலிசிஸ் தொடர்வதால் புதிதாகத் தொற்றும் வாய்ப்பும் இருக்கிறது, அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம்): சி-க்கு மூன்று மாதம் போதும். எனக்குப் பி, பல வருடமாக டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன், முடிவே இல்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மூலப்பிரதியை மூடிய வட்டமாகப் பூட்டி வைக்கிறது. டெனோஃபோவிர் அந்தப் பிரதியிலிருந்து புது வைரஸ் உருவாவதைத் தடுக்கும், பிரதியைத் தொடாது. அதனால்தான் நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில மாதங்களில் கல்லீரல் கொதித்து, ஐ.சி.யு. வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வாளர்கள் இப்போது குறி வைப்பது 'செயல்வழிக் குணம்': மருந்தை நிறுத்திய பிறகும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. இல்லாமல் இருப்பது. பெபிரோவிர்சன் என்ற ஊசி மருந்தின் இரண்டாம் கட்ட ஆய்வு 2022-ல் வந்தது. 24 வாரம் வாராவாரம் போட்டவர்களில் 9 முதல் 10 சதவீதம் பேருக்கு, ஊசியை நிறுத்தி 24 வாரம் கழித்தும் அந்தப் புரதம் தென்படவில்லை (வழக்கமான மாத்திரையைத் தொடர்ந்தவர்களும் இதில் உண்டு). குறைவாகத் தோன்றும், ஆனால் மேலே சொன்ன ஆண்டுக்கு நூற்றில் ஒருவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை மாத்திரை கல்லீரலைக் காப்பாற்றுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சோதனை செய்து தடுப்பூசி போடுங்கள்.

கேள்வி (அருண், கோவை): மருந்து ஆய்வில் சேரச் சொல்லி அப்பாவைக் கேட்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று வீட்டில் பயம். நியாயமா?

பதில்: நியாயம்தான். 1993-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபியாலுரிடின் என்ற மருந்தை ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்தார்கள். விலங்குச் சோதனைகளில் இந்த ஆபத்து தெரியவில்லை. முதல் சில வாரம் வைரஸ் மளமளவென்று குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ஒருவருக்குக் குமட்டல், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. உடனே எல்லோருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் பாதிப்பு வளர்ந்தது. ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், இரண்டு பேர் மாற்று அறுவை சிகிச்சையால் பிழைத்தார்கள். செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவை அந்த மருந்து மெல்லக் கெடுத்திருந்தது. மனிதர்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அதைக் கடத்தும் புரதம் எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

இன்று நாங்கள் ரத்தத்தில் அந்த லாக்டிக் அமில அளவைப் பார்ப்பதும், நோயாளி "லேசா குமட்டுது" என்றால் எழுதி வைப்பதும் அந்த 15 பேரால்தான். அதனால் அப்பா சேர்ந்தால் எதையும் மறைக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வருகையிலும் டப்பாவை வாங்கி மிச்ச மாத்திரையை எண்ணுவோம். வரும் வழியில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் காலி டப்பாவை நீட்டுபவர்கள் உண்டு, டாக்டர் திட்டுவாரோ என்று. சாப்பிடாததைச் சாப்பிட்டதாகக் கணக்கு வைத்தால், வேலை செய்யும் மருந்தும் வேலை செய்யாததுபோலத் தெரியும்.

கேள்வி (ஜெயந்தி): ஃபேட்டி லிவருக்கு மருந்து வந்துவிட்டதாமே?

பதில்: ரெஸ்மெடிரோம், 2024 மார்ச்சில் அமெரிக்க அனுமதி. கொழுப்போடு அழற்சியும், நடுத்தரம் முதல் முற்றிய நிலை வரையிலான தழும்பும் (சிரோசிஸ் ஆகாதது) சேர்ந்தவர்களுக்கு மட்டும். ஸ்கேனில் 'கிரேடு 1' என்று எழுதியவர்களுக்கெல்லாம் இல்லை. ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 26 முதல் 30 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கியது, வெற்று மாத்திரையில் சுமார் 10 சதவீதம் பேருக்கு. அந்தப் பத்து சதவீதத்தைக் கவனியுங்கள், 'எங்கள் லேகியத்தால் ஃபேட்டி லிவர் போச்சு' விளம்பரங்களுக்கு அதுவே தாராளம். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் பலருக்கு அழற்சி அடங்குகிறது.

கேள்வி (கணேசன்): ஆய்வு நிஜமா போலியா என்று எப்படிப் பார்ப்பது டாக்டர்?

பதில்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ. தளத்தில், பதிவு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். எண்ணைத் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள், அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன, படிவத்தில் அந்தப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும்.